கோடையில் எத்தனை வாளி?

(இணையவழி இலக்கிய நிகழ்வொன்றில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

என் குரல் கேட்கிறது என்று நினைக்கிறேன். பாரிஸில் இப்போது பின்னேரம் நான்கு மணி. கனடாவில் இருப்பவர்கள் காலைத் தேநீரோடு இருப்பீர்கள். சிட்னியில் நடுச்சாமம் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். அங்கிருந்து கேட்பவர்கள் இடையில் தூங்கிப்போனாலும் எனக்குக் கோபமில்லை. தூக்கத்தைப் பற்றியும் இன்று கொஞ்சம் பேச இருக்கிறது.

என்னைக் கிறிஸ்தவ இலக்கியம் பற்றிப் பேசச் சொன்னார்கள். வேதநாயகம் சாஸ்திரியார், கிருஷ்ணபிள்ளை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அவர்களைப் பற்றிப் பேச என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் இறையியலோ இலக்கியமோ முறையாகப் படித்தவன் இல்லை. இந்த ஊரில் முப்பது வருஷம் ரெஸ்ரோரண்ட் குசினியில் நின்றவன். ஒரே ஒரு விஷயம் எனக்கு அனுபவத்தில் தெரியும். நம்புகிற ஒருவனுக்குக் கடவுள் ஒரு நாள் சத்தமில்லாமல் போய்விட்டதுபோல் ஆகிறது. அவன் செபிக்கிறான், சுவரோடு கதைப்பதுபோல் இருக்கிறது. அந்தக் காலத்தைப் பற்றி எழுதிவைத்த சிலரைத்தான் இன்று கூட்டிவந்திருக்கிறேன்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான பாடு இல்லை. திருவாசகத்தில் நீத்தல் விண்ணப்பம் என்று ஒரு பகுதி இருக்கிறது, ஐம்பது பாட்டு. ஐம்பதிலும் ஒரே மன்றாட்டு, என்னைக் கைவிட்டுவிடாதே என்று. ஐம்பது தரம் கேட்க வேண்டியிருந்தது என்றால் மாணிக்கவாசகர் எந்த இடத்தில் நின்று கேட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சுருக்கமாக.

எங்கள் ஊர் வலிகாமத்தின் வடக்குக் கரையோரம். கோவில் மணியும் கடல் இரைச்சலும் கலந்து கேட்கும் இடம். கோவில் என்று நான் சொல்வது மாதா கோவிலை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பொழுதுபட்டால் எல்லா வீட்டிலும் செபமாலை. 1990இல் ஊரே இடம்பெயர்ந்தது. அடுத்த வருஷம் நான் பாரிஸ் வந்தேன். அகதி விண்ணப்பம் இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டது. ஒரு அறையில் ஒன்பது பேர். பகலில் கோப்பை கழுவினேன், இரவில் நித்திரை வராது. 1996இல் என் தம்பி ஒரு நாள் வீட்டை விட்டுப் போனான், திரும்பி வரவில்லை. அந்தச் செய்தி எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது.

அந்த வருஷங்களில் எனக்குச் செபம் வந்தது. மெத்ரோவில் நின்றுகொண்டு வந்தது, எண்ணெய்ச் சட்டி தேய்க்கும்போது வந்தது. கடவுள் எனக்கு ஒன்றும் செய்து தரவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றார். அது எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

பிறகு கார்ட் கிடைத்தது. கல்யாணம் ஆனது. மகள் பிறந்தாள். புறநகரில் ஒரு வீடு வாங்கினோம். 2011இல் அம்மாவை இங்கே கூப்பிட்டேன். தமிழ்ப் பூசையில் முதல் வாசகம் வாசிக்கிறவனாகவும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறவனாகவும் ஆனேன். எல்லாம் சரியாக வந்த அந்தக் காலத்தில்தான் உள்ளே ஒன்று நின்றுபோனது. எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை. மேடையில் நின்று வாசிக்கிறேன், குரல் நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் வந்து சொல்கிறார்கள், எனக்கோ மளிகைச் சாமான் பட்டியலை வாசித்ததுபோல் இருக்கிறது. துன்பத்தில் விசுவாசம் போவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சோற்றுக்குக் கஷ்டமில்லாத காலத்தில் அது வற்றிப்போவதைப் பற்றிப் பேசக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்றால், எல்லோரும் செய்வதைச் செய்தேன். அதிகமாக்கினேன். அரை மணித்தியாலச் செபத்தை இரண்டு மணித்தியாலம் ஆக்கினேன். வருஷத்துக்கு மூன்று தியானம். லூர்து போய் வந்தேன். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம். ஒரு தியானத்தில் பிரசங்கம் செய்தவர், ஒருவனுக்குச் செபத்தில் இனிமை இல்லையென்றால் அவன் மறைத்து வைத்திருக்கிற பாவம்தான் காரணம் என்று ஒலிவாங்கியில் முழங்கினார். நான் வீட்டுக்கு வந்து ஒரு கொப்பியில் பாவங்களை எழுதத் தொடங்கினேன். பன்னிரண்டு வயதில் மாங்காய் களவெடுத்ததுவரை போனேன். கடைசியில் கிடைத்தது இனிமை இல்லை, வெறுப்பு. செபமாலையைக் கண்டால் எரிச்சல் வந்தது. மனைவியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

அந்த நேரத்தில்தான் சேன் நதிக்கரையில் பச்சைப் பெட்டிகளில் பழைய புத்தகம் விற்பவர் ஒருவரிடம் சிலுவை அருளப்பரின் நூல் ஒன்று கிடைத்தது. இரண்டு யூரோ. 'இருண்ட இரவு' என்ற தலைப்பைப் பார்த்துத்தான் வாங்கினேன். துப்பறியும் கதைக்குப் பொருத்தமான தலைப்பு.

அவர் 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியர். கார்மேல் சபைத் துறவி. அவிலா தெரேசாவோடு சேர்ந்து சபையைச் சீர்திருத்தப் போனார். அது பிடிக்காத அவருடைய சொந்தச் சபைச் சகோதரர்களே 1577 டிசம்பரில் அவரைப் பிடித்துத் தொலேதோ நகரத்து மடத்தில் அடைத்தார்கள். ஆறடிக்குப் பத்தடி அறை. மேலே ஒரு கீறலில்தான் வெளிச்சம். சாட்டையடி, ரொட்டியும் தண்ணீரும். ஏறக்குறைய ஒன்பது மாதம். அந்த அறையில் அவர் கவிதை இயற்றினார். 1578 ஆகஸ்டில் போர்வைகளைக் கிழித்து முடிச்சுப்போட்டுக் கயிறாக்கி, அதில் இறங்கித் தப்பினார். ஆண்டவரின் பெயரைச் சொல்லி ஆண்டவரின் ஆட்கள் அடைத்துவைத்த ஒருவர் இரவைப் பற்றி எழுதினால் நான் நம்புவேன். ஒலிவாங்கிக்காரரை நம்புவதற்கு எனக்குக் கொஞ்சம் கஷ்டம்.

கவிதை எட்டுச் செய்யுள்தான். மேலோட்டமாகப் பார்த்தால் காதல் கவிதை. வீட்டார் தூங்கிய பிறகு ஒரு பெண் மறைவாக இரவில் புறப்பட்டுத் தன் காதலனிடம் போகிறாள். அகத்திணையில் இரவுக்குறி படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அந்தக் கவிதைக்கு அவரே பிறகு உரை எழுதினார். எட்டுச் செய்யுளுக்கும் எழுதுவதாகத் தொடங்கி, மூன்றாவது செய்யுளின் வாசலில் உரை நின்றுவிடுகிறது. ஏன் நின்றது என்று தெரியவில்லை. அந்தப் பாதியில் நிற்கிற உரை எனக்குப் பிடிக்கும். வெளிச்சம் வருகிற செய்யுள்கள் பின்னால்தான் இருக்கின்றன, அவற்றுக்கு உரை இல்லை.

உரையின் முதல் அதிகாரத்தில் ஒரு தாய் வருகிறாள். கைக்குழந்தையை மடியில் வைத்துப் பால் கொடுத்து வளர்த்தவள், அது வளர்ந்ததும் மார்பில் கற்றாழைக் கசப்பைத் தடவிக்கொள்கிறாள். கையிலிருந்து இறக்கித் தரையில் விடுகிறாள், நடக்கட்டும் என்று. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீடுகளில் வேப்பெண்ணெய் பூசுவார்கள். ஸ்பானியாவில் கற்றாழை. குழந்தைக்கு எப்படி இருக்கும்? அம்மா கெட்டுப்போய்விட்டாள் என்றுதான் இருக்கும். அவள் தன்னை நடக்கப் பழக்குகிறாள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

அவர் மூன்று அடையாளம் சொல்கிறார். இது கடவுள் கொண்டுவருகிற வறட்சியா, நம்முடைய அசட்டையா, அல்லது உடம்பின் நோயா என்று பிரித்துப் பார்க்க. முதலாவது, கடவுளின் காரியத்திலும் ருசி இல்லை, உலகத்துக் காரியத்திலும் ருசி இல்லை. இதில் நான் தேறவில்லை. எனக்குக் கிரிக்கெட்டில் நல்ல ருசி இருந்தது. இரண்டாவது, நான் பின்னுக்குப் போகிறேனோ, அவருக்கு உண்மையாக இல்லையோ என்ற கவலை விடாமல் அரிக்கும். அசட்டையாக இருப்பவனுக்கு அந்தக் கவலை வராது என்கிறார். அது எனக்கு இருந்தது, நிறையவே இருந்தது. மூன்றாவது, முன்புபோல் மனதில் காட்சிகளை ஓடவிட்டுத் தியானிக்க முடியாமல் போவது. அதுவும் இருந்தது. ஆக மூன்றில் இரண்டு. என்னுடையதை இருண்ட இரவு என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கில்லை. பாதி வறட்சி, பாதி சோம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் இரண்டு ஞாயிறு பூசை சலித்தவர்கள்கூட அந்தச் சொல்லை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

இடையில் ஒன்று. அவர் காலத்திலேயே அவர் மனச்சோர்வு நோயை இதிலிருந்து வேறாகத்தான் வைத்தார். நித்திரையும் சாப்பாடும் போய், உயிரே வேண்டாம் என்று யாருக்காவது இருந்தால் அவர் முதலில் வைத்தியரிடம் போக வேண்டும். நம்முடைய சமூகத்தில் அதற்கும் செபக்கூட்டத்துக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். நான் இரண்டு பேரை அப்படி அறிவேன். அதில் ஒருவர் இப்போது இல்லை.

சரி, வறட்சிக்கு அவர் சொல்கிற வழி என்ன? இங்கேதான் நான் அதிர்ந்துபோனேன். அதிகமாக்காதே என்கிறார். வராத தியானத்தை வலுக்கட்டாயமாக இழுக்காதே, சும்மா அமைதியாக அவர் முன்னால் இரு, நேரத்தை வீணாக்குவதுபோல் தெரிந்தாலும் இரு என்கிறார். வேறொரு நூலில், இப்படிப்பட்ட ஆட்களை மேலும் மேலும் உழைக்கச் சொல்லி விரட்டுகிற ஞான வழிகாட்டிகளை அவர் கொல்லர்களோடு ஒப்பிடுகிறார். சுத்தியலால் அடிக்க மட்டும் தெரிந்தவர்கள் என்று. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒலிவாங்கி ஒன்றின் படம் கீறி வைத்திருக்கிறேன்.

அவரை இந்த வழிக்குக் கூட்டிவந்த அவிலா தெரேசா வேறு மாதிரி. பகிடி தெரிந்தவர். தன் வரலாற்றில் அவர் ஒத்துக்கொள்கிறார்: சில வருஷங்கள் செப நேரத்தில் தனக்கு இருந்த பெரிய ஆவல், மணி எப்போது அடிக்கும் என்பதுதான். திருச்சபை மறைவல்லுநர் என்று பட்டம் கொடுத்திருக்கிற பெண் சொல்வது இது. அதே நூலில் செபத்தை ஒரு தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதோடு ஒப்பிடுகிறார். நாலு வழி. கிணற்றில் அள்ளி ஊற்றுவது, சக்கரம் வைத்து இறைப்பது, ஆற்றுநீரோ ஓடைநீரோ தானாகப் பாய்வது, மழை பெய்வது. தொடக்கக்காரர் எல்லோரும் கிணற்றில் அள்ளுகிறவர்கள். கிணறு வற்றியிருந்தால்? தோட்டக்காரன் தன் வேலையைச் செய்யட்டும், தண்ணீர் இல்லாமலே பூக்களைக் காப்பாற்றத் தோட்டத்துச் சொந்தக்காரருக்குத் தெரியும் என்கிற கருத்தில் போகிறார். அழகான உவமை. ஆனால் யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்குக் கிணற்றைப் பற்றி இதைவிடக் கொஞ்சம் அதிகம் தெரியும். அதை எனக்கு விளங்கவைத்தவர் என் அம்மா.

2016 செப்டெம்பர் 4. அன்னை தெரேசாவுக்குப் புனிதர் பட்டம் கொடுக்கிற நாள். வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால். அம்மாவுக்கு அப்போது எண்பத்தொரு வயது, சிறுநீரகம் பழுது, கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி. நான் என் படிப்பைக் காட்டிக்கொள்ள அந்தக் கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1946இல் டார்ஜிலிங் போகும் ரயிலில் அழைப்பைக் கேட்ட பெண் அவர். சேரிக்குள் இறங்கி வேலையைத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அந்தக் குரல் நின்றுவிட்டது. 1958இல், பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் இறந்ததையொட்டிய நாட்களில், ஒரு மாதம்போல் விலகியது. அதைத் தவிர, 1997இல் இறக்கும்வரை இருட்டுத்தான். ஏறக்குறைய ஐம்பது வருஷம். தன் வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்களை அழித்துவிடச் சொன்னார். அவர்கள் அழிக்கவில்லை. 2007இல் புத்தகமாக வந்தது. அப்போது பத்திரிகைகளில் சிலர், பார்த்தீர்களா, அவருக்கே நம்பிக்கை இல்லை என்று எழுதினார்கள். நான் அந்தக் கடிதங்களில் கண்டது வேறு. இல்லாத ஒருவருக்காக யாரும் இப்படி ஏங்க மாட்டார்கள். 1961இல் நொய்னர் என்கிற இயேசுசபைக் குரு அவருக்குச் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். இதற்கு மனித மருந்து இல்லை, நீங்கள் காரணமும் இல்லை, இந்தத் தாகமே அவர் மறைவாக இருப்பதன் அடையாளம் என்று. இருட்டு அதற்குப் பிறகும் போகவில்லை. ஆனால் அதோடு இருக்க அவர் பழகினார்.

நான் அம்மாவிடம் சொன்னது இவ்வளவு நீளமில்லை. "அன்னை தெரேசாவுக்கே அம்பது வருஷம் ஒண்டும் தெரியேல்லையாம் அம்மா" என்றேன். அம்மா ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஓம், அது வாறதுதானே" என்றார்.

"உங்களுக்கு?"

"இஞ்ச வந்த நாள் தொடக்கம் எனக்கு ஒண்டுமில்லை தம்பி. சின்னவன் போன நேரம் அழுதழுது செபிச்சன். அப்ப மாதா எனக்குப் பக்கத்தில இருந்தவ. இஞ்ச எல்லாம் இருக்கு. அது மட்டும் இல்லை."

ஐந்து வருஷம். தினமும் காலையில் நாலு மணிக்கு எழும்பிக் கட்டிலில் இருந்து செபமாலை உருட்டுகிற அம்மா. அவருக்குள் பெரிய ஊற்று இருக்கிறது, எனக்குத்தான் இல்லை என்று பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். இருவரும் ஒரே வீட்டில், ஒரே வறட்சியில், ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்திருக்கிறோம்.

நான் என்னுடையதைச் சொன்னேன். இரண்டு மணித்தியாலச் செபம், தியானங்கள், கொப்பி, எல்லாம். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நீ மிசின் போட்டிருக்கிறாய்."

வெளியூர் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டும். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் பூமி. வற்றாத ஆறு கிடையாது. மாரியில் பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கும். நல்ல தண்ணீர் பாரம் குறைவு, உவர் பாரம் கூட. எங்கள் கிணறுகளில் இருப்பது அந்த மேல் படைதான். கோடையில் அது மெலிந்துவிடும். இறைக்க இறைக்க ஊறும் என்று தமிழில் சொல்வார்கள். மற்ற ஊர்களில் சரியாக இருக்கலாம். எங்கள் கரையோரத்தில் கோடை நாளில் இறைக்க இறைக்க உவர்தான் மேலே ஏறும். துலா இருந்த காலத்தில் ஒரு மனிதனின் கைப்பலத்துக்கு மேல் அள்ள முடியாது, அதனால் கிணறு தப்பியது. தண்ணீர் இறைக்கும் இயந்திரம் வந்த பிறகு, மிளகாய்க்கும் புகையிலைக்கும் என்று நாள் முழுக்க இறைத்தவர்களின் கிணறுகள் சில உவராகிப் போயின. எங்கள் பின்வளவுக் கிணறு அப்படிப் போய், திரும்ப வாயில் வைக்கக்கூடியதாக வர இரண்டு மாரி எடுத்தது.

"கோடையில விடிய வெள்ளண ரெண்டு வாளி. மெள்ளமா விட்டு, மேலால அள்ளோணும். அடியைக் கலக்கக்கூடாது. பிறகு விட்டிடோணும். ஆனா ஒரு நாளும் போகாம விடக்கூடாது. போகாம விட்டா பாசி பிடிச்சிடும், பாதையிலயும் புல்லு வந்திடும்." அம்மா சொன்னது இவ்வளவுதான். பிறகு தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

சிலுவை அருளப்பரை நான் இரண்டு வருஷம் கஷ்டப்பட்டுப் படித்துப் பிடித்தது இதைத்தான். அம்மா அந்தப் பெயருள்ள சுரூபத்தைக்கூடக் கண்டதில்லை.

அடுத்த நாளிலிருந்து நான் அம்மாவோடு நாலு மணிக்கு எழும்பினேன். அம்மாவுக்கும் அப்போது முழுச் செபமாலை முடிவதில்லை. ஒரு பரலோக மந்திரம், பத்துப் பிரியதத்த மந்திரம். பிறகு பத்தும் முடியாமல் போனது. கடைசிக் கிழமைகளில் ஒரே ஒரு மணி. அதைப் பிடித்துக்கொண்டு இருப்பார், உதடு அசையும், நான் சேர்ந்து சொல்வேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. அம்மாவுக்கும் தோன்றவில்லை என்று எனக்குத் தெரியும். 2017 பெப்ரவரியில் அம்மா போனார். கையில் மாலை இருந்தது. படத்தில் வருவதுபோல் முகத்தில் ஒளியெல்லாம் இல்லை. களைத்த முகம்.

இனி லிசியே. பாரிஸிலிருந்து சேன் லசார் நிலையத்தில் ரயில் ஏறினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். நம் ஆட்கள் பஸ் பிடித்துப் போய், குழந்தை தெரேசாவிடம் நேர்த்தி வைத்து, பசிலிக்காவுக்கு முன்னால் படம் எடுத்து, கட்டிக்கொண்டுபோன புளிச்சாதம் சாப்பிட்டு வருவார்கள். நானும் அப்படிப் போயிருக்கிறேன். கல்கத்தா தெரேசா தன் பெயரை எடுத்தது இவரிடமிருந்து. இவர் சின்ன வயதில் விரும்பி வாசித்தது சிலுவை அருளப்பரை. இந்த ஆட்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

ரோசாப்பூ ஏந்திய அந்தச் சுரூபத்தைப் பார்த்து, இனிப்பான ஒரு பெண் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1873இல் பிறந்து, பதினைந்து வயதில் மடத்துக்குள் போய், இருபத்துநாலு வயதில் காசநோயில் இறந்தவர். செப நேரத்தில் தூங்கிவிடுவார். ஏழு வருஷம் அப்படி என்று அவரே எழுதுகிறார். அதற்காகக் கவலைப்பட வேண்டும், ஆனால் படவில்லை என்கிறார். பிள்ளை தூங்கினாலும் பெற்றோருக்குப் பிடிக்குமல்லவா என்று. சிட்னிக்காரருக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

1896 பெரிய வெள்ளிக்கு முந்திய இரவு முதல் தடவை இரத்தம் கக்கினார். பயப்படவில்லை, பரலோகம் போகப் போகிறேன் என்று சந்தோஷப்பட்டார். அந்த உயிர்ப்புக் காலத்திலேயே பரலோகம் காணாமல் போனது. அது இருக்கிறது என்ற எண்ணமே அவரைக் கேலி செய்யத் தொடங்கியது. திரை என்றுகூடச் சொல்ல முடியாது, வானம்வரை எழும்பிய சுவர் என்று எழுதுகிறார். இதற்கு மேல் எழுதினால் தேவதூஷணம் ஆகிவிடுமோ என்று பயந்து நிறுத்துகிறார். விசுவாசப் பிரமாணத்தைத் தன் இரத்தத்தால் எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஒரு நினைப்புக்கூட வராத வறட்சியில், ஒரே ஒரு பரலோக மந்திரத்தை மிக மெதுவாகச் சொல்வாராம். அதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்த ஒற்றை மணி.

2018 கோடையில் மகளோடு லிசியே போனேன். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பதினாறு வயதிலேயே பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் சண்டை போட்டேன், பிறகு விட்டுவிட்டேன். அப்பம்மாவுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்த வருகிறேன் என்று வந்தாள். ரயிலில் அந்தப் புத்தகத்தைப் பிரெஞ்சில் எனக்கு வாசித்தாள். என் பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு, அவளுடையது பல்கலைக்கழகப் பிரெஞ்சு. வாசித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"அப்பா, எனக்கு ஒண்டும் தெரியேல்லை, நான் போறேல்லை. உங்களுக்கும் ஒண்டும் தெரியேல்லை எண்டுறீங்கள், நீங்கள் போறீங்கள். அப்ப உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நான் பொய் சொல்லேல்லை, அவ்வளவுதானே?"

இந்தக் கேள்வியை ஒரு பிரசங்கியாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் பதில் சொல்லவில்லை. அந்தேரம் தெரியவில்லை. இப்போது கேட்டால், பொய் என்பது உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைச் சொல்வது என்பேன். நான் அவரிடம் போய் நீர் இங்கே இல்லை என்றுதான் சொல்கிறேன். அதை அவரிடமே சொல்கிறேன். அது பொய்யா என்று அவள்தான் சொல்ல வேண்டும். தத்துவம் படிக்கிறவள்.

அவள் மேலே வாசித்தாள். குழந்தை தெரேசா அதில் ஒரு மேசையைப் பற்றி எழுதுகிறார். விசுவாசம் இல்லாதவர்கள் உட்கார்ந்திருக்கிற மேசை, கசப்பு நிறைந்த மேசை. அவர்களைத் தன் சகோதரர் என்கிறார். ஆண்டவர் தன்னை எழும்பச் சொல்லும்வரை அந்த மேசையில் அவர்களோடு இருந்து அந்த ரொட்டியையே சாப்பிடத் தயார் என்கிற பொருளில் எழுதுகிறார். மேலே நின்று அவர்களுக்காக மன்றாடவில்லை, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்.

"அப்ப இவ என்ர பக்கம் இருந்தவவா?" என்று மகள் கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

லிசியேயில் மெழுகுதிரி கொளுத்தினோம். அவள் செபிக்கவில்லை. நான் ஒரு பரலோக மந்திரம் சொன்னேன், மெதுவாக. திரும்பி வரும்போது புளிச்சாதம் கொண்டுவரவில்லையா என்று கேட்டாள்.

கடைசியாக ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். திருப்பாடல்கள், மற்ற சபையார் சங்கீதம் என்பார்கள், அதில் 88ஆவது. புலம்பல் பாட்டு வேறும் நிறைய இருக்கின்றன. ஆனால் மற்றவை பெரும்பாலும் எங்காவது ஒரு இடத்தில் திரும்பும். ஆண்டவர் கேட்டார், நான் துதிப்பேன் என்று ஒரு வரியாவது வரும். இது திரும்பவே இல்லை. இரவும் பகலும் கூப்பிட்டேன் என்று தொடங்கி, நண்பர்கள் விலகி, குழிக்குள் இறங்கி, இருட்டு என்ற சொல்லில் முடிகிறது. எபிரேய மூலத்தில் கடைசிச் சொல்லே அதுதான். இதைச் செபப் புத்தகத்தில் சேர்த்த ஆட்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒரு நல்ல வரியைச் சேர்த்து முடித்துவைக்க அவர்களுக்கு ஆசை வந்திருக்காதா? செய்யவில்லை. கத்தோலிக்கக் காலச் செபத்தில் இது வெள்ளி இரவுக்கு உரியது. தூங்கப்போகும் முன், ஒவ்வொரு வெள்ளியும், உலகம் முழுக்க மடங்களில் இதைச் சொல்லிவிட்டு விளக்கை அணைக்கிறார்கள்.

நானும் வெள்ளி இரவுகளில் தமிழில் அதை வாசிக்கிறேன். சத்தமாக, ஒரு தரம். வாசகம் வாசிக்கும் குரலில் அல்ல. என் கிணற்றில் இன்னும் மாரி பெய்யவில்லை. உவர் குறைந்திருக்கிறது, அது எனக்குத் தெரிகிறது, மனைவிக்கும் தெரிகிறது.

மகள் இப்போது லியோனில் வேலை செய்கிறாள். வெள்ளி இரவில்தான் தொலைபேசி எடுப்பாள், நான் வாசித்து முடிக்கிற நேரம் அவளுக்குத் தெரியும். போன கிழமையும் எடுத்தாள்.

"முடிஞ்சுதா அப்பா? இண்டைக்கு எத்தனை வாளி?"

"ஒண்டு" என்றேன்.

சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். பிறகு அவளுடைய வீட்டு வாடகை கூடியதைப் பற்றிக் கதைத்தோம்.

நேரம் தாண்டிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் கை காட்டுகிறார். சிட்னியிலிருந்து ஒருவர் கை உயர்த்தியிருக்கிறார், தூங்கவில்லை. அவரே முதலில் கேட்கட்டும்.